இரும்பு வழியே திரும்பும் மின்சாரம்

இருட்டிய பிறகு தொண்டாமுத்தூரிலிருந்து நரசீபுரம் பக்கம் போகிறவர்களுக்குத் தேங்காயோ வாழைத்தாரோ ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லர் புதிதல்ல. பழைய டிரெய்லர்கள் சிலவற்றில் பின்விளக்கு எரியாது. சிலவற்றில் இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்கும். உடனே பல்பை மாற்றுவார்கள். கோளாறு பெரும்பாலும் பல்பில் இருக்காது.

வீட்டு விளக்குக்கு இரண்டு கம்பி வேண்டும். வண்டியில் விளக்குக்கு ஒரே கம்பிதான் போகிறது. மின்சாரம் திரும்பி வருவது சேசிஸ் வழியாக. பேட்டரியின் மைனஸை இரும்புச் சட்டத்தில் பூட்டிவிட்டால் வண்டி முழுவதுமே இன்னொரு கம்பி! செம்புச் செலவில் ஏறக்குறைய பாதி மிச்சம். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பிளஸ் முனையையே பாடியில் பூட்டினார்கள். அதிலும் விளக்கு இதே மாதிரிதான் எரிந்தது.

டிரெய்லருக்கு வந்தால்தான் சிக்கல். அதன் இரும்பு வேறு, டிராக்டரின் இரும்பு வேறு. மின்சாரம் திரும்பத் தனி எர்த் கம்பி இழுக்காத டிரெய்லரில் இரண்டையும் சேர்ப்பது கொக்கியும் பின்னும் மட்டுமே. அங்கே துரு, கிரீஸ், சேறு. குழியில் இறங்கி ஏறும்போது தொடுகையும் விட்டுவிட்டு வரும்.

60 வாட் பல்பு வீட்டின் 230 வோல்ட்டில் கால் ஆம்பியர்தான் இழுக்கும். 12 வோல்ட்டில் அதே வாட்டுக்கு 5 ஆம்பியர் வேண்டும். அதனால்தான் துரு இங்கே இவ்வளவு படுத்துகிறது. 21 வாட் பிரேக் பல்பு இரண்டு எரியும் வழியில் துரு ஒரே ஒரு ஓம் தடை வைத்தாலும் ஏறத்தாழ மூன்று வோல்ட் அங்கேயே போய்விடும். பல்பின் வெளிச்சமோ வோல்ட்டேஜைவிட வேகமாகச் சரியும். பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

எர்த் முழுதாக விட்டுப்போனால் நடப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. இண்டிகேட்டர் பல்பைத் தாண்டிய மின்சாரம் சேசிஸுக்கு இறங்க வழியில்லாமல், அதே கூட்டில் இருக்கும் டெயில் பல்பின் இழைக்குள் தலைகீழாக நுழைகிறது. அதன் கம்பியிலேயே பின்னோக்கி ஓடி, டிராக்டரின் டெயில் பல்பு வழியாக இரும்பைச் சேர்கிறது. நடுவில் மாட்டிய டெயில் பல்புகள் மங்கலாக எரிகின்றன. மின்சாரத்துக்கு ஒரு வழி அடைபட்டால், கிடைத்த வழியில் திரும்பியே தீரும்.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் பழைய வீட்டு டிரெய்லர்களிலும் இதே கதைதான். உள்ளே 120 வோல்ட் தனி வயரிங் இருந்தாலும், பின்விளக்கு காரின் பேட்டரியை நம்பியே இருக்கிறது. அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது எர்த்தைத்தான்.

டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விளக்கைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றைப் பின்விளக்கின் இரும்புக் கூட்டிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. டிராக்டரோடு இணைக்கும் பிளக்கிலிருந்து விளக்கு வரை தனியாக ஒரு தடித்த எர்த் கம்பி இழுத்துவிடுங்கள். பின்பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டையும் ஒட்டுங்கள். அதற்கு மின்சாரமே வேண்டாம்.