செம்பருத்தி வேலி பூக்க வேண்டுமா?

தோட்டத்து வரிசை வீடுகளில் கம்பி வேலி இல்லாத இடமெல்லாம் செம்பருத்திதான் வேலி. மலாய்க்காரர்கள் புங்கா ராயா என்று சொல்லும் இந்தப் பூ 1960-ஆம் ஆண்டில் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. நமக்கோ அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது சாமிக்கு வைக்கும் பூ. தலைக்குத் தேய்க்கும் இலை. ஆனால் பல வீடுகளில், "செடி என்னமோ மதமதன்னு நிக்குது, பூக்கத்தான் மாட்டேங்குது" என்ற குறை கேட்கிறது.

முதலில் வெயிலைப் பார்க்க வேண்டும். பால்மரமோ செம்பனையோ வீட்டை ஒட்டி நின்றால் அந்த நிழலில் இலைதான் வரும். நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் பட வேண்டும்.

அடுத்தது வெட்டுவது. செம்பருத்தி புதுக் கிளையில்தான் பூக்கும். வளர்ந்த செடியை வெட்ட மனசு வராமல் விட்டுவிட்டால் பூ எட்டாத உயரத்துக்குப் போய்விடும், அடியில் வெறும் குச்சிதான் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கைத் தாராளமாக வெட்டலாம். கத்தி கூராக இருக்கட்டும். மொட்டைக் கத்தியால் கொத்தினால் கிளை பிளந்து அழுகும். வாராவாரம் மட்டமாகக் கத்தரித்துக்கொண்டே இருப்பவர்களுக்கும் பூ கிடைக்காது. மொட்டையெல்லாம் அவர்களே வெட்டித் தள்ளுகிறார்களே! யூரியாவை அள்ளிப் போட்டாலும் இலைதான் கொழுக்கும். மக்கிய சாணமும் குப்பையும் போதும். தண்ணீர் தேங்கினாலும், மண் காய்ந்து போனாலும் மொட்டு உதிரும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கொழுந்து சுருண்டு, வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு ஒட்டியது போல் இருந்தால் அது மாவுப்பூச்சி. எறும்பு ஊர்வதைக் கண்டாலே சந்தேகப்பட வேண்டும். பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. இதைப் பார்த்ததும் சிலர், தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பில் மிச்சம் இருப்பதைக் கொண்டுவந்து அடித்துவிடுகிறார்கள். அது புல்லைக் கொல்லும் மருந்து, பூச்சியைக் கொல்லும் மருந்து அல்ல. பூச்சி இருக்கும், செடிதான் கருகும். கிளைபோசேட் காற்றில் வந்து பட்டாலே புதுக் கொழுந்து ஊசிபோல ஒல்லியாகிவிடும்.

செடி போனால் போகட்டும், வேறொன்று நடலாம். அந்தப் பூவைத் தலையில் வைப்பது யார்? வேலிக்கு அடியில் விளையாடுவது யார்? பாராகுவாட் நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை. அதைக் குடித்தவரைக் காப்பாற்ற மாற்று மருந்து கிடையாது. பழைய போத்தல் எதாவது வீட்டில் மூலையில் கிடந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டுமுன் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள். மருந்து வந்த டின்னைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைப்பதும், அதில் செடி வைப்பதும் கூடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் சரி.

மாவுப்பூச்சிக்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. மோசமான கொழுந்தை வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். மற்றதைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவச் சவுக்காரம் கலந்து, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள். மறுநாள் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். வாரம் ஒருமுறை வீதம் மூன்று நான்கு வாரம் செய்தால் அடங்கிவிடும். சோப்புத்தூள் வேண்டாம், இலை சுடும்.

தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்யச் சொல்லி, அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. பால்மரத்தை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. செம்பருத்தியைக் கொண்டு போகலாம். பென்சில் பருமனில், பூ இல்லாத கிளையாக, ஓர் அரையடி நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே உள்ள இரண்டு இலையைப் பாதியாக நறுக்கி, மணல் கலந்த மண்ணில் செருக வேண்டும். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்தால் நான்கைந்து வாரத்தில் வேர் பிடிக்கும். நாலு குச்சி நட்டால் இரண்டாவது பிழைக்கும். காலி செய்யும் நாளன்று வெட்டுவதைவிட, ஒரு மாதம் முன்னாலேயே பையில் நட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மாடியில் வெயில் விழும் பக்கம் தொட்டியை வையுங்கள். தொட்டிக்குக் கீழே தட்டு வேண்டாம், தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும்.