இறுகிப்போன குமிழ்

டிசம்பர், ஜனவரியில் பெங்களூரின் விடியற்காலை வெப்பம் 15 டிகிரி வரை இறங்கும். காபியோடு சுப்ரபாதம் கேட்கலாம் என்று ஸ்பீக்கரின் வால்யூம் குமிழைத் தொட்டால் அது அசையாது. பலத்தைக் காட்டினால் திடீரென்று எகிறி, பக்கத்து வீட்டுக்காரரையும் எழுப்பிவிடும். வெயில் ஏறியதும் அதே குமிழ் சற்று இளகியிருக்கும். ஆம்ப்ளிஃபயரைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் 'பவர்டு' ஸ்பீக்கர்கள் பழசாகும்போது வரும் சகஜமான தொல்லை இது.

காரணம், கிரீஸ். குமிழைத் திருப்பும்போது விரலுக்குக் கிடைக்கும் வழவழப்பு தானாக வந்ததல்ல. உள்ளே இருக்கும் தண்டுக்கும் அது சுழலும் உலோக வளையத்துக்கும் நடுவே கெட்டியான கிரீஸைத் தடவித்தான் அனுப்புகிறார்கள். வருடங்கள் போகப் போக எண்ணெய்ப் பசை வற்றி, மிச்சம் பிசின் போல ஆகிவிடுகிறது. குளிர் அதை இன்னும் இறுக்குகிறது. இளவட்டங்களுக்கு இது வெறும் எரிச்சல். மூட்டுவாதத்தால் விரல் மடங்காத பாட்டிக்கோ, பாட்டைக் கூட்டிக் குறைக்கவும் பேரனைக் கூப்பிட வேண்டிய நிலை.

அவசரத்தில் கைக்கு அகப்படுவது துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே. வினை அங்கேதான் ஆரம்பம். எண்ணெய் தண்டு வழியாக இறங்கிக் கார்பன் தடத்தில் படிந்து தூசியைச் சேர்த்துக்கொள்கிறது. குமிழ் சுழலும், ஒலி கரகரக்கும். உண்மையில் இறுக்கமும் கரகரப்பும் வெவ்வேறு நோய்கள். கரகரப்பு தடத்தில் உள்ள அழுக்கால் வருவது, அதற்குக் காண்டாக்ட் கிளீனர். இறுக்கத்துக்கு வைத்தியம் தண்டில்.

முதலில் ப்ளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு குமிழைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் பக்கவாட்டில் சின்ன ஸ்குரூ இருந்தால் தளர்த்த வேண்டும்; இல்லையென்றால் குமிழுக்குப் பின்னால் மெல்லிய துணி நாடாவைச் சுற்றி நேராக இழுத்தாலே வந்துவிடும். குறடு வேண்டாம், கீறும். வெறும் தண்டு சுலபமாகச் சுழன்றால் குற்றம் குமிழுடையது: யாரோ அதிகமாக அழுத்திச் செருகியதால் முகப்புப் பலகையில் உரசுகிறது. ஒரு போஸ்ட் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டு மாட்டினால் சரி.

தண்டே முரண்டு பிடித்தால், ஸ்பீக்கரை மல்லாக்கப் படுக்கவைத்து, தண்டின் அடியில் ஒரே ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பலமுறை சுழற்றி, வெளிவரும் பிசினைத் துடைத்து, பிளாஸ்டிக்கை அரிக்காத சிலிக்கான் கிரீஸைத் துளி தடவலாம். நன்றாகக் காய்ந்த பிறகே கரன்ட். பெட்டியைப் பிரிப்பது மட்டும் தெரிந்தவர் வேலை. ப்ளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

எதற்கும் மசியாவிட்டால் வால்யூம் கண்ட்ரோலையே மாற்ற வேண்டும். முழு போர்டையும் மாற்றச் சொல்வது சர்வீஸ் சென்டர் வழக்கம். பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது, டிசம்பரில் இணையதளமும் திறந்தது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே, டவுன்ஹால் பக்கத்து எஸ்.பி. ரோட்டில் இந்த உதிரிப் பாகம் தனியாகக் கிடைக்கிறது. சதர் பத்ரப்பா ரோடு என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரரே யோசிப்பார். பழசைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அதில் அச்சிட்ட எண் மட்டுமல்ல, எழுத்தும் முக்கியம். பெரும்பாலான ஆசியத் தயாரிப்புகளில் 'ஏ' என்பது காதின் போக்குக்கேற்ப ஒலியைக் கூட்டும் ரகம். அந்த இடத்தில் 'பி' மாட்டினால் சற்றுத் திருப்பியதுமே அலறும்.

போனதுதான் போனோம், பழைய ரேடியோ பாணியில் பெரிய குமிழ் ஒன்றையும் தேடலாம். தண்டு ஒரு பக்கம் தட்டையா, பல் வெட்டியதா என்று பார்த்து வாங்க வேண்டும். விட்டம் இரண்டு மடங்கானால் விரலுக்குத் தேவைப்படும் பலம் பாதி. பாட்டியே திருப்பிக்கொள்வார்.