துப்பாக்கி எடுக்காத படைவீரர்

பட்டாளம் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? துப்பாக்கி, பீரங்கி, அணிவகுப்பு. ஆனால் பட்டாளத்தில் ஆயுதமே எடுக்காத ஒருவரும் இருக்கிறார். அவர்தான் படைப் பாதிரியார். சண்டை நடக்கும் இடத்தில் கையில் ஆயுதம் இல்லாத ஒருவருக்கு என்ன வேலை? எமில் கபான் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது.

படையில் பாதிரியார்

பாதிரி என்பது போர்ச்சுகல் நாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. 'தந்தை' என்பது அதன் பொருள்.

நம் நாட்டு இராணுவத்திலும் சமய ஆசிரியர்கள் உண்டு. இந்துக்களுக்குப் பண்டிதர் இருக்கிறார். சீக்கியருக்குக் கிரந்தி, முஸ்லிம்களுக்கு மௌல்வி, கிறிஸ்தவர்களுக்குப் பாதிரி, பௌத்தர்களுக்குப் பிக்கு இருக்கிறார்கள். இவர்கள் நாயப் சுபேதார் பதவியில் சேருகிறார்கள். படைவீரர்களுக்கு வழிபாடு நடத்துவார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பார்கள். தண்டனை பெற்ற வீரரைச் சந்தித்து நல்ல வார்த்தை சொல்வார்கள். இறந்தவருக்கு இறுதிச் சடங்கு செய்வார்கள்.

படை இருக்கும் இடத்தில் கோயிலும் இருப்பது பழைய வழக்கம். திருவனந்தபுரம் ஆரியசாலைப் பக்கத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் தக்கலையைத் தாண்டுவார்கள். அங்கே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. கோட்டைக்குள் இடிந்த ஒரு பழைய தேவாலயம் உண்டு. திருவிதாங்கூர்ப் படையின் தளபதியாக இருந்த டிலனாய் 1777-இல் இறந்தார். அவருடைய கல்லறை அங்கேதான் உள்ளது. கல்லறையில் லத்தீன் மொழியிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

படைப் பாதிரியார் சண்டை போடக் கூடாது. எதிரியும் அவரைச் சுடக் கூடாது. அவர் பிடிபட்டால், கைதிகளிடையே தம் சமயப் பணியைச் செய்ய விட வேண்டும். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் இப்படிச் சொல்கின்றன. சட்டம் இப்படி இருக்கிறது. ஆனால் குண்டு ஆள் பார்த்து விழுவதில்லை.

விவசாயியின் மகன்

எமில் கபான் 1916 ஏப்ரல் 20 அன்று பிறந்தார். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் பில்சன் என்பது அவருடைய ஊர். அது ஒரு சின்னக் கிராமம். அப்பா விவசாயி. எமிலும் சிறு வயதிலேயே வயல் வேலை பழகினார். உடைந்த கருவியைச் சரி செய்யவும், இருப்பதை வைத்துச் சமாளிக்கவும் கற்றுக்கொண்டார். இந்தப் பழக்கம் பின்னால் பல உயிர்களைக் காப்பாற்றியது.

1940-இல் அவர் குரு பட்டம் பெற்றார். 1944-இல் இராணுவத்தில் படைப் பாதிரியாராகச் சேர்ந்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1945 ஏப்ரலில் அவரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்தியாவிலும் பர்மாவிலும் 1946 மே வரை பணி செய்தார். சில மாதங்களில் ஜீப்பிலும் விமானத்திலுமாகச் சுமார் 3,200 கிலோமீட்டர் பயணம் செய்தார். படைவீரர் சிலரே இருந்த இடங்களுக்கும் தேடிப் போனார்.

போர் முடிந்ததும் ஊர் திரும்பினார். மேல்படிப்புப் படித்தார். ஊரிலேயே நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1948-இல் மறுபடியும் இராணுவத்தில் சேர்ந்தார்.

கொரியாப் போர்

1950 ஜூன் 25 அன்று கொரியாவில் போர் மூண்டது. வட கொரியப் படை தென் கொரியாவுக்குள் நுழைந்தது. தென் கொரியாவுக்கு உதவியாக அமெரிக்கா உட்படப் பல நாட்டுப் படைகள் போயின. ஜூலையில் கபான் பாதிரியாரும் போனார்.

அங்கே தேவாலயம் ஏது? ஜீப்பின் முன்பக்க மூடிதான் பூசைப் பீடம். ஜீப்பும் போன பிறகு ஒரு பழைய சைக்கிளில் ஏறிப் படைவீரர்களிடம் போனார். இறந்த வீரர்களின் வீட்டுக்குத் தம் கையாலேயே கடிதம் எழுதினார். ஆகஸ்டு மாதம் குண்டுமழைக்கு நடுவே ஓடி, அடிபட்டுக் கிடந்த வீரர் ஒருவரை மீட்டு வந்தார். அதற்கு ஒரு விருது கிடைத்தது.

ஊன்சான் இரவு

1950 நவம்பர் 1. வட கொரியாவில் ஊன்சான் என்ற இடம். அன்று இரவு சீனப் படை பெருந்திரளாக வந்து அமெரிக்கப் படையைச் சூழ்ந்தது. தப்பிக்க முடிந்தவர்கள் தப்பலாம் என்று உத்தரவு வந்தது.

கபான் பாதிரியாருக்கு உடம்பில் காயம் இல்லை. அவரும் தப்பிப் போயிருக்கலாம். கூட இருந்தவர்கள் போகச் சொல்லிக் கெஞ்சினார்கள். ஆனால் நடக்க முடியாதவர்கள் பலர் அங்கே கிடந்தார்கள். அவர்களை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. குண்டுகளுக்கு நடுவே போய் ஒவ்வொருவராக இழுத்து வந்து பதுங்குகுழியில் சேர்த்தார்.

அங்கே காயம்பட்ட சீன அதிகாரி ஒருவரும் கிடந்தார். பாதிரியார் அவரிடம் பேசினார். அடிபட்டவர்களைக் கொல்லாமல் சரணடைய விடும்படி கேட்டுக்கொண்டார். அந்த அதிகாரியும் தம் ஆட்களிடம் பேசினார். அதனால் பலர் உயிர் பிழைத்தார்கள். பாதிரியாரும் அவர்களோடு கைதியானார்.

கைதியாக நடந்து போகும்போது ஒரு காட்சியைப் பார்த்தார். ஹெர்பர்ட் மில்லர் என்ற வீரர் கணுக்கால் முறிந்து சாலையோரம் கிடந்தார். ஒரு சீனப் படைவீரர் அவரைச் சுடத் துப்பாக்கியை நீட்டினார். பாதிரியார் நேராகப் போனார். துப்பாக்கியைக் கையால் ஒதுக்கிவிட்டார். மில்லரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். துப்பாக்கி நீட்டியவர் திகைத்து நின்றார். சுடவில்லை.

கைதி முகாமில்

கைதிகள் நாள் கணக்கில் பனியில் நடந்தார்கள். நடக்க முடியாதவர்களை மற்றவர்கள் சுமந்தார்கள். பாதிரியாரும் சுமந்தார். கடைசியில் யாலு ஆற்றின் கரையில் பியோக்டாங் என்ற ஊரிலுள்ள முகாமுக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே கொடிய குளிர். உணவு மிகக் குறைவு. அந்தக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான கைதிகள் இறந்தார்கள். பசி, வயிற்றுக்கடுப்பு, பேன் தொல்லை ஆகியவை அவர்களை வாட்டின.

பாதிரியாருக்கு இங்கேதான் பழைய கிராமத்து வேலைகள் கைகொடுத்தன. தகரத்தைக் கல்லால் தட்டிப் பாத்திரம் செய்தார். அதில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கக் கொடுத்தார். அசுத்தத் தண்ணீரால்தான் வயிற்றுக்கடுப்பு பரவுகிறது என்பது அவருக்குத் தெரியும். நோயாளிகளின் அழுக்குத் துணிகளைத் துவைத்தார். பேன் எடுத்துவிட்டார். தம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து ஒரு கம்பளி வாங்கினார். அதை வெட்டி மற்றவர்களுக்குக் காலுறை தைத்தார்.

இரவில் காவலர்களை ஏய்த்து தானியம் திருடியும் வந்தார். பாதிரியார் திருடலாமா? அது பட்டினி கிடந்தவர்களின் உயிரைக் காக்க எடுத்தது. கொண்டு வந்ததை எல்லோருக்கும் பங்கு வைத்தார். யார் எந்த மதம் என்று பார்க்கவில்லை.

1951 மார்ச் 25 ஈஸ்டர் திருநாள். அன்று விடியற்காலையில் கைதிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். அதன் பிறகு அவருடைய காலில் இரத்தம் கட்டியது. வயிற்றுக்கடுப்பும் நிமோனியாவும் சேர்ந்துகொண்டன. காவலர்கள் அவரை 'ஆஸ்பத்திரி' என்ற ஒரு கட்டிடத்துக்குக் கொண்டு போனார்கள். அதற்குக் கைதிகள் 'சாவு வீடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கே போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. நண்பர்கள் அழுதார்கள். அவர்தான் அவர்களைத் தேற்றினார். 1951 மே 23 அன்று அங்கேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 35.

நம் நாட்டவரும் போனார்கள்

இதே போரில் சண்டை போடாமல் உயிர் காக்க இந்தியரும் போனார்கள். 1950 நவம்பரில் இந்திய இராணுவத்தின் 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு கொரியாவுக்குப் போனது. அதன் தலைவர் தமிழரான டாக்டர் ஏ. ஜி. ரங்கராஜ். படைகள் பின்வாங்கியபோது தங்கள் மருத்துவச் சாமான்களை விட்டுவர அவர்களுக்கு மனமில்லை. கைவிடப்பட்ட ஒரு ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அதை ஓட்டி வந்தார்கள். ரங்கராஜ் மகாவீர் சக்கர விருது பெற்றார்.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்

1953 ஜூலை 27 அன்று சண்டை நின்றது. விடுதலையான கைதிகள் மரத்தால் செய்த ஒரு சிலுவையைக் கொண்டு வந்தார்கள். கபான் பாதிரியாரின் நினைவாக அதைச் செதுக்கியவர் ஒரு யூதர். அவர் பாதிரியாரை நேரில் பார்த்ததே இல்லை. முகாமில் மற்றவர்கள் சொல்லக் கேட்டுத்தான் செதுக்கினார்.

2013-இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது கபான் பாதிரியாருக்குக் கிடைத்தது. அவருடைய அண்ணன் தம்பி வழி மகன் அதை வாங்கினார். அன்று தோளில் சுமந்து காப்பாற்றிய மில்லரும் அந்த விழாவில் இருந்தார்.

பாதிரியாரின் உடல் எங்கே என்று நெடுங்காலம் தெரியவில்லை. ஹவாய்த் தீவில் பெயர் தெரியாதவர்களின் கல்லறை ஒன்றில் அது இருந்தது. 2021-இல் பல், மரபணு சோதனைகள் மூலம் அடையாளம் கண்டார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பின் அவர் சொந்த மாநிலம் திரும்பினார். 2025 பிப்ரவரியில் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு 'வணக்கத்துக்குரியவர்' என்ற நிலையைத் தந்தது. புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் அது ஒரு படி.

அவர் ஒரு குண்டு கூடச் சுடவில்லை. போகலாம் என்ற நேரத்தில் போகாமல் இருந்தார். படைப் பாதிரியாரின் வேலை என்ன என்ற கேள்விக்கு அவருடைய விடை அதுதான்.

கலந்து பேசுவோம்

1. கபான் பாதிரியார் தப்பிப் போயிருந்தால் அது தவறாகுமா?

2. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதால் எந்தெந்த நோய்களைத் தடுக்கலாம்?

3. மதம் பாராமல் ஆபத்தில் உதவியவர்கள் உங்கள் ஊரில் யார் யார்?