தங்கம் எப்போ வேலை செய்யும்?

தங்கத்துக்கு மதிப்பே அது எதோடயும் லேசுல சேராதுங்கறதாலதான். துருப்பிடிக்காது, கறுக்காது. வினையூக்கின்னா தான் தீர்ந்துபோகாம வேதிவினையை வேகப்படுத்துற பொருள். அதைத் தேடினவங்க ரொம்ப நாளா தங்கத்தை ஒதுக்கியே வெச்சிருந்தாங்க.

1987-ல ஜப்பான்ல மசாடகே ஹருடா குழு ஒரு ஆய்வை வெளியிட்டுச்சு. இரும்பு, கோபால்ட் மாதிரி உலோகங்களோட ஆக்சைடு மேல தங்கத்தை நானோ துகளா படிய வெச்சிருந்தாங்க. மைனஸ் 70 டிகிரிக் குளிர்லயே கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனோட சேர்ந்து கார்பன் டை ஆக்சைடா மாறிச்சு!

அதே தங்கம்தான், அளவுதான் வேற. துகள் சுமார் 5 நானோமீட்டருக்குக் கீழ போகணும். 2 நானோமீட்டர் உருண்டையில ஏறக்குறைய பாதி அணுக்கள் மேற்பரப்புலயே இருக்கும். அதுலயும் மூலையில, ஓரத்துல இருக்கிற அணுவுக்கு அக்கம்பக்கத்து அணுக்கள் கம்மி. அதனால வர்ற வாயு மூலக்கூறைச் சட்டுன்னு பிடிச்சுக்கும்.

அப்போ பொடிப்பொடியா செஞ்சா போதுமா? போதாது. அடியில இருக்கிற ஆக்சைடு சும்மா தாங்குற தட்டு இல்ல. தங்கமும் ஆக்சைடும் தொடுற விளிம்புலதான் வினை மும்முரமா நடக்குது.

என்னைக் கேட்டா, சின்னதா செய்யறதைவிட சின்னதாவே வெச்சிருக்கறதுதான் கஷ்டமான டிசைன். சூடேறினா துகள்கள் நகர்ந்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பெருத்துடும். அப்புறம் அது பழையபடி நகைக்கடைத் தங்கம்தான். அதனாலதான் கொதிக்கிற புகையைச் சுத்தம் பண்ற கார் கன்வெர்ட்டர்ல பெரும்பாலும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். தங்கம்? ஜப்பான்ல கழிப்பறை நாற்றம் போக்கற வேலைக்குப் போச்சு.