கண்ணாடியின் ஞாபகம்

குமாரபாளையத்தில் தறிப்பட்டறை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அட்டை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஜக்கார்டு பொருத்திய தறிக்கு மேலே துளையிட்ட அட்டைகள் கயிற்றில் கோத்துத் தொங்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளை இருக்கும் இடத்தில் பாவு இழை எழும்பும், இல்லாத இடத்தில் கிடக்கும். பார்டரில் வரும் மாங்காயும் அன்னமும் அந்தத் துளைகளில்தான் இருந்தன. அட்டை குத்திப் பழகியவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், பூவின் எந்தப் பகுதி அது என்று சொல்லிவிடுவார். எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த இடங்களில் இப்போது டிசைன் பென்டிரைவில் வருகிறது. வேலை விரைவு, அட்டைச் செலவும் இல்லை. ஆனால் பென்டிரைவை வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றும் தெரியாது.

பீட்டர் கசான்ஸ்கியின் நாற்பது ஆண்டு ஆராய்ச்சியைப் படிக்கும்போது இந்த அட்டைகள்தான் மனதில் நின்றன. அவர் கண்ணாடிக்குள் லேசரால் எழுதுகிறவர். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்.

தொடக்கம் மாஸ்கோவில். 1979-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிப்பை முடித்தார். 1985-இல் பொது இயற்பியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம். வழிகாட்டி, 1964-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அலெக்சாண்டர் புரோகரோவ். அந்தக் காலத்தில் இத்துறையினரைத் தூங்கவிடாத ஒரு புதிர் இருந்தது. கண்ணாடி இழையொன்றில் அகச்சிவப்பு லேசரைப் பல மணி நேரம் செலுத்திக்கொண்டே இருந்தால், மறுமுனையில் மெல்லப் பச்சை ஒளி வரத் தொடங்கும். நேரம் ஆக ஆக வலுக்கும். 1986-இல் ஆஸ்டர்பெர்க், மார்குலிஸ் இருவரும் இதை வெளியிட்டிருந்தார்கள். அகச்சிவப்பு பச்சையாக, ஒளியின் அதிர்வெண் இரட்டிப்பாக வேண்டும்; அந்த வேலை சில வகைப் படிகங்களுக்கே உரியது. அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும் கண்ணாடிக்கு அது கூடாத காரியம் என்றுதான் பாடநூல் சொன்னது. ஒளி தன்னுள் ஓடியதைக் கண்ணாடி எப்படியோ ஞாபகம் வைத்துக்கொண்டது. 1989 முதல் கசான்ஸ்கியின் குழு இந்தப் புதிரில் இறங்கியது. ஒளியே கண்ணாடிக்குள் மின்னேற்றங்களைப் பிரித்து நகர்த்தி, சீரான இடைவெளியில் மின்புலத்தைப் பதித்துவிடுகிறது என்பதே விடை. 1992-இல் ராயல் சொசைட்டியின் உதவித்தொகையில் சவுத்தாம்ப்டனுக்கு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார்.

அன்று பச்சை ஒளிக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த கருவியோ ஃபெம்டோ நொடிகளில் இயங்கியது. ஒரு நொடியை ஒரு லட்சம் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மீண்டும் ஆயிரமாகப் பிரித்தால் ஒரு ஃபெம்டோ நொடி. 150 ஃபெம்டோ நொடியில் ஒளிகூட 0.045 மில்லிமீட்டர் தூரமே போகும். இவ்வளவு குறுகிய துடிப்பை, கருவியைச் சேதப்படுத்தாமல் வலுவாக்கும் வழியை 1985-இல் டோனா ஸ்ட்ரிக்லாண்டும் ஜெரார் மூரூவும் காட்டினார்கள். 2018-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. கண்ணாடி சாதாரணமாக அகச்சிவப்பைத் தடையின்றி விட்டுவிடும். ஆனால் இத்தகைய துடிப்பை லென்ஸால் ஒரு புள்ளியில் குவித்தால், அங்கே மட்டும் செறிவு மிகுந்து பல ஒளித்துகள்கள் ஒரே நேரத்தில் உறிஞ்சப்படுகின்றன. வெப்பம் பரவுவதற்குள் துடிப்பு முடிந்துவிடும். மேற்பரப்பைத் தொடாமல், கண்ணாடியின் வயிற்றுக்குள் ஒரு புள்ளி விழும். 1996-இல் ஜப்பானில் ஹிராவோவின் குழு இப்படிக் கண்ணாடிக்குள்ளேயே ஒளி ஓடும் பாதைகளை எழுதியது. அதே ஆண்டு ஹார்வர்டில் எரிக் மஸூரின் குழு, இந்தப் புள்ளிகளை அடுக்கடுக்காக வைத்துத் தகவலைச் சேமிக்கலாம் என்று காட்டியது.

கசான்ஸ்கியின் வாழ்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, 1999-க்கும் 2003-க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகள். ஹிராவோவின் குழுவோடு ஜெர்மானியம் கலந்த கண்ணாடியில் லேசரைக் குவித்தபோது, ஒளி சிதறக் கூடாத திசையில் சிதறியது. ஒளிச்சிதறல் நமக்கு ராமன் பெயரோடு சேர்ந்த விஷயம். அவருக்கு முன்பே ராலே வகுத்த விதிப்படி, மின்புலம் அதிரும் திசையில் ஒளி சிதறாது. இங்கே அந்தத் திசையில்தான் அதிகம் சிதறியது. அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிட எல்லா வாய்ப்பும் இருந்தது. 1999-இல் அதை அப்படியே, விளங்காத விளைவாகவே வெளியிட்டார்கள். ஷிமோட்சுமாவும் கசான்ஸ்கியும் மற்றவர்களும் கண்ணாடியை மெருகேற்றி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, காரணத்தைக் கண்ணால் பார்த்தது 2003-இல். லேசர் பட்ட இடத்தில், ஆக்சிஜன் குறைந்த மெல்லிய தகடுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 நானோமீட்டர் தடிமன். எந்தத் திசையில் ஒளியின் மின்புலம் அதிர்ந்ததோ அதற்குச் செங்குத்தாக அவை தாமே அணிவகுத்திருந்தன. 2006-இல் கனடாவின் ஒட்டாவாவில் பால் கார்கமின் குழுவில் இருந்த பரத்வாஜ், ராஜீவ் முதலியோர் இந்தத் தகடுகள் எப்படி உருவாகின்றன என்பதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அந்த விவாதம் இன்னும் முழுதாக ஓயவில்லை.

அந்தத் தகடுகள் இல்லையென்றால் இன்றைய சேமிப்பு இல்லை. சாதாரணத் துளை இருக்கிறது, இல்லை என்ற இரண்டையே சொல்லும். நானோ தகடுகள் நிறைந்த புள்ளியோ, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதையும், ஒளியை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும். நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றோடு இந்த இரண்டும் சேர்ந்ததால் ஐந்து பரிமாணச் சேமிப்பு என்று பெயர்.

2013-இல் முதன்முதலாகக் காட்டியது, 300 கே.பி. அளவுள்ள ஓர் எழுத்துக் கோப்பு. ஐந்து மைக்ரான் இடைவெளியில் மூன்று அடுக்குகளாக எழுதியிருந்தார்கள். 2016-க்குள் மனித உரிமைப் பிரகடனம், நியூட்டனின் ஒளியியல் நூல், மேக்னா கார்ட்டா, பைபிள் ஆகியவை கண்ணாடிக்குள் போயின. 2019-இல் மைக்ரோசாஃப்ட் ‘சூப்பர்மேன்’ படம் முழுவதையும், 75.6 ஜி.பி., 75 மில்லிமீட்டர் சதுரக் கண்ணாடித் துண்டில் பதித்துக் காட்டியது. 2021-இல் கசான்ஸ்கியின் குழு நொடிக்குப் பத்து லட்சம் புள்ளிகளை, அதாவது 230 கிலோபைட்டை எழுதியது. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் 500-க்கு 50 நானோமீட்டர். இந்த முறையில் சி.டி. அளவுத் தட்டில் 500 டெராபைட் அடங்கும் என்று கணக்கிட்டார்கள். ஒரே கற்றையால் எழுதினால் அதற்கு 69 ஆண்டுகள் ஆகும் என்று நானே வகுத்துப் பார்த்தபோது, வேகம் இன்னும் எவ்வளவு தேவை என்று புரிந்தது. பல கற்றைகளால் ஒரே நேரத்தில் எழுதினால் சுமார் 60 நாளில் முடிக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு.

ஆயுள்தான் இதன் பெரிய பலன். ஹார்டு டிஸ்க்கில் வைத்ததைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதில் நகலெடுத்தாக வேண்டும். இந்தக் கண்ணாடி 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாங்குகிறது. 190 டிகிரியில் வைத்தாலும் 1,380 கோடி ஆண்டு நிற்கும் என்று ஆய்வுகளிலிருந்து கணித்திருக்கிறார்கள். காத்து வைக்க மின்சாரமும் வேண்டாம்.

இழப்பு என்று நான் நினைப்பது வேறு. மாஸ்கோவில் ஒருவர் இழையின் முனையில் கண்வைத்துக் காத்திருந்தால், பச்சை ஒளி வந்ததும் அது வந்துவிட்டது என்று தெரியும். 1999-இல் சிதறலின் திசை கேள்வி கேட்டது, அதற்கு நான்கு ஆண்டு பொறுமையாகப் பதில் தேட முடிந்தது. இன்று இத்துறையின் கட்டுரைகளில் முதலில் வருவது வேகமும் கொள்ளளவும். ஏன் என்ற கேள்வி பின்வரிசைக்குப் போயிருக்கிறது. பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக இது தேவைதான். ஆனாலும் தகடுகளைக் கண்டுபிடித்தது வேகத்தைத் தேடிய ஆராய்ச்சி இல்லை. இன்னொரு இழப்பு கண்ணுக்கு. கண்ணாடித் தட்டில் எழுதியதை வாசிக்க ஒளியின் தளவிளைவை, அதாவது அதன் மின்புலம் அதிரும் திசையை, அளக்கும் நுண்ணோக்கியும், அதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் நிரலும் வேண்டும். நிரல் தொலைந்தால் எழுத்தும் தொலைந்ததுதான்.

கசான்ஸ்கியின் குழுவினர் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதல். 2024-இல் மனித மரபணுத் தொகுதி முழுவதையும் ஒரு கண்ணாடித் தட்டில் எழுதி, ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் உப்புச் சுரங்கத்தில் உள்ள மனிதகுல நினைவகத்தில் வைத்தார்கள். தட்டின் மேலே கண்ணால் பார்க்கத்தக்க ஒரு குறிப்புப் படத்தையும் பொறித்தார்கள்: ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன், நைட்ரஜன், டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகள், அதன் முறுக்கிய ஏணி, குரோமோசோம். உள்ளே என்ன இருக்கிறது, எதைத் தேடி வாசிக்க வேண்டும் என்று, மொழியே தெரியாத ஒருவருக்கும் அது சொல்லிவிடும்.

நம் சுவடிகளும் கல்வெட்டுப் படிகளும் கண்ணாடிக்குப் போகும் நாள் வரும். அப்போது தட்டின் ஓரத்தில் நுண்ணோக்கி இல்லாமல் படிக்கக்கூடிய அளவில் நம் உயிர், மெய் எழுத்துகளைப் பொறிக்க இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்குப் போகும் இடம் மிகச் சிறிது. சில டெராபைட் குறைந்தாலும் பரவாயில்லை.