பயாப்சி தாளில் ஒரு மோதிரம்

மலத்தோடு ரத்தம் போனால் காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரிமேட்டிலும் முதலில் வாயில் வரும் சொல் 'மூலம்' தான். அதற்கு லேகியம், மோர், துத்திக்கீரை என்று இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். உடம்பு இளைத்த பிறகு காரைக்கால் ஆஸ்பத்திரி. அங்கிருந்து சீர்காழி, சிதம்பரம், கடலூர் தாண்டிப் புதுச்சேரி ஜிப்மர். குழாய் விட்டுப் பார்த்து, துணுக்குச் சதை எடுத்து, சில நாளில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். திரும்பும் பஸ்ஸில் வீட்டுப் பிள்ளை அதிலுள்ள பெயரைப் போனில் தேடும். பயம் அங்கே ஆரம்பிக்கிறது.

படிக்காதவர்கள்தான் இப்படி ஏமாறுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு வந்த மலக்குடல் புற்றுநோயையும் முதலில் சீதபேதி என்றுதான் நினைத்தார்கள். 1923இல் தங்கை இறந்தார். அந்த இழப்பிலிருந்து பிறந்ததுதான் 1954இல் திறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

தாளில் பெரும்பாலும் இருப்பது 'அடினோகார்சினோமா'. குடலின் உட்சுவரில் சளி சுரக்கும் சுரப்பிகளிலிருந்து கிளம்பும் புற்று. பெருங்குடல் புற்றுகளில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த இனம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் இன்னும் வளையம் வளையமாகச் சுரப்பி கட்டப் பார்க்கும். அந்த ஒழுங்கு எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இதிலேயே கவனிக்க வேண்டிய இரண்டு கிளைகள். கட்டியில் பாதிக்கு மேல் சளி குளம்போல் தேங்கி நின்றால் 'மியூசினஸ்'. சளி வெளியே வராமல் செல்லுக்குள்ளேயே நிரம்பி, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டால் 'சிக்னெட் ரிங்'. சாயமேற்றிய ஸ்லைடில், வெளிறிய வட்டத்தின் ஒரு விளிம்பில் நீலப் பிறை ஒட்டியிருக்கும். முத்திரை மோதிரம் மாதிரியே. இந்தச் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. தனித்தனியாகக் குடல் சுவருக்குள் ஊர்ந்து, வயிற்றின் உள்ளுறையில் போய் இறங்கிவிடும். குடலின் உள்மேற்பரப்பு சில சமயம் நன்றாகவே தெரிவதால் முதல் பயாப்சியில் அகப்படாமலும் போகும்.

மேலை நாடுகளில் சிக்னெட் ரிங் நூற்றுக்கு ஒன்று. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2013-14இல் பார்த்த 800 பெருங்குடல், மலக்குடல் நோயாளிகளில் 13 சதவீதம். அந்த 800 பேரின் இடைநிலை வயதும் 47 தான். பெரிய மருத்துவமனைக்குச் சிக்கலான கேஸ்கள் கூடுதலாக வரும் என்று கழித்துக்கொண்டாலும், இந்த வித்தியாசம் சின்னதல்ல.

அப்படியானால் பெயர்தான் ஆயுளைத் தீர்மானிக்கிறதா? பாதி உண்மை. எந்தக் கட்டத்தில் பிடித்தோம் என்பதற்குத்தான் எடை அதிகம். அமெரிக்கக் கணக்கில், குடலோடு நின்ற நோயில் ஐந்தாண்டு தாண்டுவோர் சுமார் 90 சதவீதம். தூர உறுப்புக்குப் பரவிவிட்டால் 15ஐ ஒட்டித்தான். மியூசினஸ் இனத்தை அதே கட்டத்திலுள்ள சாதாரண இனத்தோடு வைத்துப் பார்த்தால், பெருங்குடலில் வித்தியாசம் பெரிதாக இல்லை என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. சிக்னெட் ரிங் அப்படியல்ல. கட்டத்துக்குக் கட்டம் பார்த்தாலும் மோசம்தான். ஆனால் அதன் கெட்ட பெயரில் பெரும்பங்கு, முற்றிய பிறகே கண்ணில் படுவதால் வந்தது.

தோற்றம் ஏமாற்றுவதும் உண்டு. 'மெடுல்லரி' என்றொரு இனம் ஸ்லைடில் ஒழுங்கே இல்லாமல் முரட்டுத்தனமாகத் தெரியும்; ஆனாலும் அந்த நோயாளிகள் பொதுவாக நன்றாகவே இருக்கிறார்கள். டி.என்.ஏ. பிழை திருத்தும் புரதங்கள் பழுதாகியிருப்பதால் அந்தக் கட்டி உடம்பின் எதிர்ப்பு அணுக்களுக்குச் சுலபமாக அடையாளம் தெரிந்துவிடுகிறது. இத்தகைய கட்டிகளில் பல பரவிய நிலையிலும் இம்யூனோதெரபிக்கு மசிகின்றன.

எனவே டாக்டரிடம் கேட்க வேண்டியது, 'என்ன ஸ்டேஜ், எத்தனை நெறிக்கட்டி பார்த்தீர்கள், எம்.எம்.ஆர். டெஸ்ட் பண்ணியாச்சா' என்பதுதான். ஆபரேஷனில் குறைந்தது 12 நெறிக்கட்டிகளைச் சோதித்தால்தான் ஸ்டேஜை நம்பலாம். எம்.எம்.ஆர். டெஸ்டில், முன்னே சொன்ன பிழை திருத்தும் புரதங்கள் நான்கைத் தேடுவார்கள். ஒன்று காணாமல் போயிருந்தால், அது பரம்பரைக் கோளாறா என்று அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டி வரலாம்.