பொருளடக்கத்தின் புள்ளி வரிசை

பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே ஓடும் புள்ளி வரிசையை அச்சுத் தொழிலில் லீடர் என்பார்கள். குற்றால அருவிகளைப் பற்றிய ஒரு கையேட்டை எடுத்துக்கொண்டால், ‘தேனருவி’ சின்னப் பெயர். ‘செண்பகாதேவி அருவி’ நீளம். இரண்டின் பக்க எண்ணும் வலப்புறம் ஒரே கோட்டில் முடிய வேண்டும்.

முற்றுப்புள்ளியைத் தட்டித் தட்டி நிரப்பினால் அது கைகூடாது. கணினி எழுத்துருவில் ‘ணை’ பிடிக்கும் இடம் வேறு, ‘ர’ பிடிக்கும் இடம் வேறு. புள்ளிகளோ முழு எண்ணிக்கையில்தான் வரும்; எனவே வரியின் முடிவு ஒரு புள்ளி அளவு வரை முன்பின்னாகும். எழுத்துருவை மாற்றினால் பட்ட பாடெல்லாம் வீண்.

விசைப்பலகையின் டேப் வேலை செய்யும் விதமே வேறு. அது ஒற்றைக் குறி. அதற்கென்று நிலையான அகலம் கிடையாது. அடுத்த டேப் நிறுத்தம் எங்கே இருக்கிறதோ அதுவரை நீளும். நிறுத்தம் என்பது பத்தியின் அமைப்பு. லீடர் அந்த நிறுத்தத்தின் பண்பு. ஆகவே புள்ளிகள் உரையில் இல்லவே இல்லை. டேப் ஒன்றை அழித்தால் அத்தனையும் மறைந்துவிடும்.

நிறுத்தங்களில் வகைகள் உண்டு. வலது நிறுத்தத்தில், டேபுக்குப் பின் அடிப்பது இடப்பக்கமாக நகர்ந்து இடம்விடும். 7, 42, 118 மூன்றும் கடைசி இலக்கத்தில் ஒன்றுசேரும். தசம நிறுத்தம் காசுப் புள்ளியை நேராக்கும்: சாரல் காலத்து விடுதிக் கட்டணப் பட்டியலுக்கு அதுவே பொருத்தம். நிறுத்தமே வைக்காவிட்டால், வேர்டு மென்பொருள் வழக்கமாக அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் தன் நிறுத்தங்களைப் பயன்படுத்தும். டேபை நாலைந்து முறை தட்டி ஒப்பேற்றும் பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது. ஒரு சொல்லைத் திருத்தியதும் அந்த ஒப்பேற்றல் பல்லிளிக்கும்.

புள்ளிகள் மேலும் கீழும் ஒத்து நிற்பது தனிச் சிக்கல். டொனால்ட் குனுத் உருவாக்கிய டெக் மென்பொருளில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று எல்லா வரிகளின் புள்ளிகளையும் பொதுவான கட்டத்தில் நிறுத்தும். இன்னொன்று புள்ளி வரிசையை இடைவெளியின் நடுவில் வைக்கும். மற்றது மிச்ச இடத்தைப் புள்ளிகளுக்கிடையே பகிரும். பொருளடக்கத்துக்கு முதல் வழியே நல்லது. மற்ற இரண்டிலும் பக்கம் ஆடுவதுபோல் தோன்றும். இன்டிசைன் மென்பொருளில் புள்ளியோடு ஓர் இடைவெளியையும் சேர்த்து லீடராகக் கொடுக்கலாம்; நெருக்கிய புள்ளிகளைவிட இது கண்ணுக்கு இதம்.

‘திருக்குற்றாலநாதர் கோயிலும் சித்திர சபையும்’ போன்ற தலைப்பு குறுகிய பக்கத்தில் வலது நிறுத்தத்தையே தாண்டிவிடலாம். அப்போது டேப் அதற்கடுத்த நிறுத்தத்தைத் தேடிப்போக, எண் இடம் மாறி விழும். தலைப்பை ‘கோயிலும்’ என்ற இடத்தில் மடக்கி, இரண்டாம் வரியின் முடிவில் டேப் வைப்பதே இதற்குத் தீர்வு.